சைக்கிள் ஓட்டும்போது கால் ஏன் சில்லிடுகிறது?

மார்கழி பிறந்துவிட்டால் கல்பாக்கத்தில் விடியற்காலைக் காற்றின் வெப்பநிலை 20° செ. அளவுக்கு இறங்குகிறது. இதைப் போய்க் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். அங்கே ஜனவரி மாத இரவுகளில் புல்வெளியில் உறைபனி படிவதுண்டு. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குத் திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் நோக்கிச் சைக்கிளில் வரும் பால்காரரைக் கேளுங்கள். சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் மீன் வாங்கிக்கொண்டு உள்ளூர்களுக்குப் புறப்படும் வியாபாரியைக் கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே கால் மரத்துப் போகிறது என்பார்கள்; முதல் பத்து நிமிடம் மிதி ஏறவே மறுக்கிறது என்பார்கள். அதே நேரத்தில் வீட்டுத் திண்ணையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் காற்று இதமாகவே இருக்கிறது.

வெப்பமானி இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

காற்றாலான சட்டை

நம் உடல் தோலின் மேல், நாம் அறியாமலே, ஒரு காற்றுச் சட்டை அணிந்திருக்கிறது. தோலை ஒட்டியுள்ள காற்று எளிதில் நகர்வதில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதை எல்லைப்படலம் என்பர். காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். நீரின் கடத்துதிறன் காற்றினதைப் போல் ஏறத்தாழ 24 மடங்கு. கல்பாக்கம் அதிவேக ஈனுலைகளில் வெப்பத்தைச் சுமந்து செல்லும் திரவ சோடியத்தின் கடத்துதிறனோ இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். ஆகவே நகராத காற்றை விட மலிவான, எடையற்ற வெப்பத் தடை வேறு கிடையாது.

நீங்கள் அசையாமல் நிற்கும்போது இந்தக் காற்றுச் சட்டையின் தடிப்பு சுமார் 6 மில்லிமீட்டர் எனக் கொள்ளலாம். நடக்கத் தொடங்கினால் அது இரண்டரை மில்லிமீட்டராகக் குறையும். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், சைக்கிள் மிதிக்கும்போது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகத் தேய்ந்துவிடுகிறது. சட்டையைக் காற்று உரித்துக்கொண்டு போய்விட்டது எனலாம்! காலையில் துளிக்கூடக் காற்றே வீசவில்லை என்று நீங்கள் சொல்லலாம். சைக்கிள்காரருக்கு அது பொருந்தாது. அவர் தம் காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் இரு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே உள்ள தோலின் பரப்பு சுமார் 0.23 சதுர மீட்டர். தோலின் வெப்பநிலை 30° செ., காற்றினது 20° செ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அசையாக் காற்றில் இப்பரப்பிலிருந்து சலன முறையில் வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ 9 வாட். நடக்கும்போது 23 வாட். சைக்கிளில் 46 வாட். திண்ணையில் இருப்பவரை விட ஐந்து மடங்கு வெப்பத்தைச் சைக்கிள்காரரின் வெறுங்கால்கள் இழக்கின்றன. வெப்பமானிக்கு இது தெரியாது, தோலுக்குத் தெரியும்.

காற்றின் வேகத்துக்கும் குளிருக்கும் உள்ள இத்தொடர்பை முதன்முதலில் அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்னும் இரு அமெரிக்கர்கள். 1940, 41ஆம் ஆண்டுகளில் அண்டார்க்டிகாவில் தங்கியிருந்தபோது, நீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் உருளையை வெளியே தொங்கவிட்டு, வெவ்வேறு காற்று வேகங்களில் அந்நீர் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொண்டார்கள். எளிய சோதனைதான், ஆயினும் அதிலிருந்துதான் 'காற்றுக் குளிர்' என்னும் கருத்தே பிறந்தது. 2001இல் கனடாவும் அமெரிக்காவும் அதைத் திருத்திப் புதிய சூத்திரம் ஒன்றை ஏற்றுக்கொண்டன. அதன்படி ஊட்டியில் 5° செ. குளிரில் மணிக்கு 20 கி.மீ. காற்று வீசினால், முகத்துக்கு அது ஏறத்தாழ 1° செ. போல் தோன்றும். ஆனால் 10° செ.க்கு மேல் இச்சூத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. எனவே கல்பாக்கத்துக்கு அதிலிருந்து எண் எதுவும் கிடைக்காது. எல்லைப்படலம் தேயும் விதியோ எங்கும் ஒன்றுதான்.

உடலில் வெப்பம் மிகுதி, காலில் ஏன் பஞ்சம்?

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்பார்: "சைக்கிள் மிதிப்பவர் உழைக்கிறாரே! உழைத்தால் உடல் சூடேறுமே! 46 வாட் போனால் என்ன?"

கேள்வி நியாயமானது. சமதரையில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் நம் ஊர்க் கனத்த சைக்கிளை ஓட்ட சுமார் 70 வாட் திறன் தேவை. தசைகளின் பயனுறுதிறன் கால் பங்குக்கு மேல் போகாது. ஆகவே 70 வாட் வேலைக்கு உடல் 200 வாட்டுக்கும் மேலாக வெப்பத்தை உண்டாக்குகிறது. மொத்தக் கணக்கில் மிச்சம்தான். சிக்கல் பங்கீட்டில் இருக்கிறது. ஊர்க் களஞ்சியத்தில் நெல் நிறைந்திருந்தும் கடைசித் தெருவுக்கு வண்டி போகவில்லை என்றால் அங்கே பட்டினிதானே!

சைக்கிள் மிதிக்கையில் பெரும்பாலான வேலையைச் செய்பவை தொடைத் தசைகளும் இடுப்பை ஒட்டிய தசைகளும். வெப்பம் பிறப்பது அங்கேதான். முழங்கால் சில்லின் மேல் தசையே கிடையாது, தோலும் தசைநாண்களும்தான். கெண்டைக்கால் எலும்பின் முன்புறத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேராக எலும்பு தட்டுப்படும். பாதமோ எலும்பும் நாணும் நிறைந்த பகுதி. இவற்றுக்கு வெப்பம் வேண்டுமானால் இரத்தம் கொண்டுவந்து தர வேண்டும். தோல் குளிர்ந்ததும் உடல் என்ன செய்கிறது? அங்குள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. இதயம், மூளை ஆகியவற்றின் வெப்பநிலையைக் காப்பதே அதன் முதல் கவலை. கால் சற்றுக் குளிர்ந்தால் குற்றமில்லை என்பது அதன் தீர்ப்பு.

இன்னுமொரு நுட்பமான ஏற்பாடும் உண்டு. காலுக்குள் ஆழத்தில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று ஒட்டியபடியே செல்கின்றன. கீழே இறங்கும் சூடான இரத்தம், மேலே ஏறிவரும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் வெப்பத்தை வழியிலேயே கொடுத்துவிடுகிறது. வெப்பம் பாதம் வரை போகாமல் பாதி வழியில் திரும்பி உடலுக்கே வந்துவிடுகிறது. பொறியாளர்கள் இதை எதிர் ஓட்ட வெப்பமாற்றி என்பார்கள். 1985இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் சோதனை ஈனுலையிலும், உலையைச் சுற்றிவரும் சோடியம் தன் வெப்பத்தை வெப்பமாற்றியின் வழியாகவே மற்றொரு சோடிய ஓட்டத்துக்குக் கைமாற்றுகிறது, இரண்டும் கலப்பதில்லை. இயற்கை இதைக் கையாண்டதைப் பார்க்க ஆவலா? நம் மாவட்டத்து வேடந்தாங்கலுக்குப் போங்கள். நாரைகளும் கொக்குகளும் தை மாதக் காலையில் இறகில்லாத கால்களோடு நீரில் நிற்கும். அவற்றின் கால்களில் இந்த ஏற்பாடு நம்முடையதை விடப் பன்மடங்கு செம்மையானது. ஆனால் ஒன்று: நாரை நின்றுகொண்டிருக்கிறது. அதற்குச் சைக்கிள் மிதிக்க வேண்டிய அவசியமில்லை!

குளிர்ந்த காலின் விலை

சில்லிடுவதால் வெறும் அசௌகரியம்தான் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. குளிர்ந்த தசை வேலையும் குறைவாகவே செய்யும். 1987இல் அந்தோணி சார்ஜண்ட் என்னும் உடலியலாளர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அவர் ஆட்களின் கால்களை முக்கால் மணி நேரம் வெவ்வேறு வெப்பநிலையுள்ள நீரில் மூழ்கவைத்து, பிறகு முழு மூச்சுடன் சைக்கிள் கருவியை மிதிக்கச் செய்தார். 44° செ. நீரில் வைத்த கால்களின் உச்சத் திறன், சாதாரண நிலையை விட சுமார் 11 விழுக்காடு கூடிற்று. 18° செ. நீரில் வைத்தவை 12 விழுக்காடு இழந்தன. 12° செ. நீரில் வைத்தவை 21 விழுக்காடு இழந்தன. அந்தக் கடைசி நிலையில் தொடைத் தசையின் உள்ளே வெப்பநிலை 29° செ. அளவுக்கு இறங்கியிருந்தது. நம் காலைக் காற்று தசையை அவ்வளவு ஆழத்துக்குக் குளிரவைக்காது. நீர் வேறு, காற்று வேறு. எனினும் மிதி ஏறவில்லை என்று பால்காரர் சொல்வது வெறும் சோம்பல் பேச்சு அல்ல என்பது விளங்குகிறதல்லவா?

நரம்புகளும் குளிரில் செய்தியை மெதுவாகவே கடத்துகின்றன. மூட்டுக்குள் உள்ள திரவம் குளிரக் குளிரப் பாகுநிலை கூடித் தடிக்கிறது; காலையில் தேங்காய் எண்ணெய் கெட்டிப்படுவதை எண்ணிக்கொள்ளுங்கள், அவ்வளவு தூரம் போகாவிட்டாலும். முழங்கால் முதலில் விறைப்பாகத் தோன்றுவதில் இதற்கும் பங்குண்டு. பனியில் சைக்கிள் ஓட்டியே மூட்டுவாதம் வந்தது என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். இயற்பியல் அவ்வளவு தூரம் அவர்களோடு போகாது.

ஈரம் என்னும் எதிரி

மீன் வியாபாரிக்குப் பால்காரரை விடக் குளிர் அதிகம். ஏனெனில் பின்னால் கட்டிய பெட்டியிலிருந்து பனிக்கட்டி நீர் சொட்டிக் காலை நனைக்கிறது. பயிர் வரப்பு வழியே வருபவருக்குப் பனித்துளி அந்த வேலையைச் செய்கிறது.

ஒரு கிராம் நீர் தோலின் வெப்பநிலையில் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். நனைந்த கால்சட்டையின் கீழ்ப் பகுதியிலிருந்து அரை மணியில் 50 கிராம் நீர் ஆவியானால், 29,000 கலோரி போயிற்று. வாட் கணக்கில் இது 67. மேலே கண்ட 46 வாட்டை விடவும் அதிகம்! கடற்கரைக் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்ததாயிற்றே, அதில் எப்படி ஆவியாகும் என்று கேட்கலாம். காற்றை விடக் கால் வெப்பமாக இருக்கும் வரை, காலை ஒட்டிய ஈரத் துணியின் ஆவி அழுத்தம் வெளிக்காற்றினதை விட அதிகமாகவே இருக்கும். ஆகவே ஆவியாதல் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, துணியின் இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. தடை போய், கடத்தி வந்துவிட்டது.

எதை எப்படி உடுத்துவது?

கம்பளி வெப்பம் தரும் என்பது வழக்குப் பேச்சு. கம்பளியில் அடுப்பா இருக்கிறது? மரத்தூளிலும் உமியிலும் புதைத்த பனிக்கட்டி நெடுநேரம் கரையாதிருப்பதும் கம்பளியால் நமக்குக் குளிராதிருப்பதும் ஒரே காரணத்தால்தான். இரண்டும் காற்றைச் சிறைப்பிடிக்கின்றன. உடை செய்யும் வேலை அவ்வளவே. டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து கப்பலேற்றிய மெல்லிய மஸ்லின் துணி உலகப் புகழ் பெற்றதுதான். ஆனால் காற்றைப் பிடிக்க அதில் தடிப்பு இல்லை. நம் கோடைக்கு அதுவே அதன் சிறப்பு.

இப்போது நம் ஊர் வழக்கங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். வேட்டியையோ லுங்கியையோ மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஏறுகிறோம். வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் தொடைகளுக்கு இரட்டைத் துணி. வெப்பமே பிறக்காத முழங்காலும் கெண்டைக்காலும் வெறுமை! சரியாகத் தலைகீழ் ஏற்பாடு. சங்கிலியில் சிக்காமல் இருக்க வேறு வழியும் இல்லை என்பது உண்மைதான். அரைக்கால் சட்டை போட்ட பள்ளிச் சிறுவனின் நிலையும் இதுவே. மாறாக, சூடிதார் அணியும் பெண்களைப் பாருங்கள். அதன் கீழ்ப்பகுதி கணுக்காலைச் சுற்றி வளையல் வளையலாக மடிந்து கிடக்கிறது. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் சிறிது காற்று. அடியில் இறுக்கமாதலால் வெளிக்காற்றும் புகாது. மார்கழி மாதச் சைக்கிளுக்கென்றே தைத்தது போன்ற உடை.

அகன்ற கால்சட்டை அணிவோர் முற்காலத்தில் கணுக்காலில் ஓர் இரும்புக் கவ்வியை மாட்டுவார்கள். சங்கிலிக் கறை படாமல் இருக்கத்தான் அது. ஆயினும் அடியிலிருந்து காற்று புகுந்து உள்ளிருக்கும் சூடான காற்றை வெளியேற்றுவதையும் அது தடுத்தது. ஒரு ரப்பர் வளையமே இன்று அதற்குப் போதும்.

இன்னும் ஒரு தொல்லை முன்புறத்தில் இருக்கிறது. எதிர்க்காற்று துணியைக் காலின் முன்புறத்தோடு அழுத்திவிடுகிறது. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இவ்வழுத்தம் சதுர மீட்டருக்கு 15 நியூட்டன்தான். ஆனால் மெல்லிய துணியை ஒட்டவைக்க அது தாராளம். துணிக்கும் தோலுக்கும் இடையே இருந்த சில மில்லிமீட்டர் காற்று முன்புறத்தில் மறைந்துபோகிறது. பின்னால் கெண்டைச் சதை கதகதப்பாக இருக்க, முன்னெலும்பு மட்டும் வலிப்பது இதனால்தான். ஆகவே தடித்த துணி தேவையில்லை. முன்புறத்தில் காற்றை விடாத ஒரு தாள் போதும். பிரான்சு நாட்டுச் சைக்கிள் பந்தய வீரர்கள் மலையுச்சியில் செய்தித்தாளை வாங்கி மார்புச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவது புகழ்பெற்ற வழக்கம். நம் ஊரில் விடியற்காலையில் செய்தித்தாள் போடும் பையனிடம் நூறு தாள்கள் இருக்கின்றன. பழைய தாளில் ஒன்றை நான்காக மடித்து நீண்ட காலுறையின் முன்பக்கத்தில் செருகிக்கொண்டால், கால் சில நிமிடங்களிலேயே அதற்கு நன்றி சொல்லும். கிழிந்த நீண்ட காலுறையின் பாதப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சிய குழாயை முழங்காலுக்கு ஏற்றிக்கொள்ளலாம். அழகாக இராது; இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

தைலம் தடவலாமா என்று கேட்பவர் உண்டு. தைலத்திலுள்ள மெந்தால், தோலின் குளிர் உணரும் நரம்பு வாயில்களையே தூண்டுகிறது. அதனால் வெப்பநிலை அரை டிகிரியும் உயராது. இந்த வாயில்களைக் கண்டறிந்த ஆய்வுக்காகவும் சேர்த்தே 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் வழங்கப்பட்டது. நல்லெண்ணெயும் வெப்பத் தடையாகாது. பூசும் படலம் மிகவும் மெல்லியது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் கால் குளிர்ந்ததையும் அறியார்; மிதிகட்டை உராய்ந்து புண்ணானதையும் அறியார். அவர்கள் காலுறையும் மூடிய செருப்பும் இன்றிக் காலையில் சைக்கிள் எடுக்காதிருப்பதே நல்லது.

வேகமாக மிதித்தால் குளிர் போகுமா?

விடை கொஞ்சம் வியப்பானது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் வெப்ப இழப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கே கூடுகிறது. ஆனால் காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்காகிறது! அதோடு சேர்ந்து தசை வெப்பமும் பெருகுகிறது. ஆகவே விரைந்து மிதிப்பவர் சமதரையில் குளிரை வென்றுவிடுவார். குளிரில் சிக்குபவர் யார் என்றால், மிதிக்காமலே வேகமாகப் போகிறவர். ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சைக்கிள்காரருக்குப் புயல்போன்ற காற்று உண்டு, உழைப்பு இல்லை. ஸ்கூட்டரில் போகிறவரும் அந்த இனத்தவரே. கல்பாக்கத்தில் மலை இல்லை. ஆனால் வடகிழக்குக் காற்று வீசும் நாளில் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து திரும்பி வருகையில், காற்று முதுகைத் தள்ள, கால் சில்லிடுவதே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் வேகத்திலிருந்து காற்றின் வேகம் கழிந்துவிடுகிறது.

முதல் இரண்டு கிலோமீட்டர் மட்டும் மெதுவாக மிதிப்பது நல்லது. தசை சூடேறுவதற்குள் எல்லைப்படலத்தை இழக்க வேண்டாம். பிறகு வேகம் கூட்டலாம். ஆனால் வியர்க்கும் அளவுக்கு மூடிக்கொள்ளாதீர்கள். வியர்வையில் நனைந்த துணியோடு வழியில் தேநீர் குடிக்க நின்று, குளிர்ந்த தசையோடு மறுபடி ஏறினால், மீன் வியாபாரியின் நிலைதான் உங்களுக்கும்.

பள்ளியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரியான நான்கு கண்ணாடிக் குவளைகளில் 40° செ. வெந்நீரைச் சம அளவில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றின் மேல் உலர்ந்த பருத்தித் துணியைச் சுற்றுங்கள். மற்றொன்றின் மேல் நனைத்துப் பிழிந்த துணி. நான்காவதன் மேல் உலர்ந்த துணியும் அதன் மேல் செய்தித்தாளும். வாயை அட்டையால் மூடி, நான்கையும் மேசை மின்விசிறிக்கு எதிரே சம தொலைவில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறியுங்கள். ஈரத் துணிக் குவளை, வெறுங்குவளையையும் முந்திக்கொண்டு குளிர்வதைக் காண்பீர்கள். மெதுவாகக் குளிர்வது நான்காவது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மீண்டும் செய்தால் நான்குக்கும் உள்ள இடைவெளி குறுகும். கடலிலிருந்து விலகிய ஊர்களில், காற்று வறண்டிருக்கும் மாசி, பங்குனிப் பகலில் இதே சோதனையைச் செய்பவர்களுக்கு ஈரத் துணிக் குவளை அறை வெப்பநிலைக்கும் கீழே சில டிகிரி இறங்கிவிடும்.